தள்ளிவைத்த தவணை, அடகுக்குப் போகும் நகை: வாசகர் கேள்வி பதில்

கொரோனாவுக்காக 2020 மார்ச் 1 முதல் வங்கிகள் கொடுத்துவந்த கடன் தவணை அவகாசம் அந்த ஆகஸ்ட் 31-உடன் முடிந்தது. அந்த ஆகஸ்டில் வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருந்தன. கையில் ரொக்கம் இருக்க வேண்டிய காலம் அது. ஆனால் அந்த ரொக்கத்தை என்ன விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பலர் முடிவெடுத்திருந்தார்கள். அதனால் பதில்களில் கணக்கையே முன்னால் வைக்கிறோம். கேள்வி, பதில் இரண்டும் ஆகஸ்ட் 2020-இல் எழுதியவை: வட்டி, விலை, கட்டணம், விதி, திட்டம் எல்லாம் அன்றைய நிலவரப்படி, பல பிறகு மாறிவிட்டன.

கேள்வி: அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஏப்ரலிலிருந்து சம்பளத்தில் 30% பிடித்தம். வீட்டுக்கடன் மார்ச்சில் 25 லட்சம் பாக்கி, 8.4% வட்டி, இன்னும் 15 வருடம். இஎம்ஐ 24,472 ரூபாய். ஆறு மாதமும் கட்டவில்லை. வங்கியில் கேட்டால், "அந்த ஆறு தவணை கடைசியில் சேர்ந்துகொள்ளும்" என்கிறார்கள். அவ்வளவுதானா? கையில் 1 லட்சம் இருக்கிறது. கட்டிவிடலாமா?

அவ்வளவுதான் இல்லை. ரிசர்வ் வங்கி தள்ளிவைத்தது தவணையைத்தான். வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. உங்கள் கடனுக்கு மார்ச் மாத வட்டி மட்டும் 17,500 ரூபாய். அது அசலோடு சேர்ந்ததால் ஏப்ரல் வட்டி 17,622 ஆனது. இப்படியே ஆறு மாதம் போனதில் ஆகஸ்ட் முடிவில் பாக்கி சுமார் 26,06,855 ரூபாய். அதாவது 1.07 லட்சம் ஏறியிருக்கிறது.

இனி நீங்கள் கட்டும் 24,472-இல் முதல் மாதம் 18,248 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,224 மட்டும். இந்த வேகத்தில் கடன் தீர 180 தவணைக்குப் பதிலாக 196 தவணை முழுதாகக் கட்டி, அதன்மேல் ஒரு சிறு தவணையும் கட்ட வேண்டும். தவணையை வைத்தே பார்த்தால் சுமார் 3.98 லட்சம் கூடுதல். கட்டாத ஆறு மாதத்தையும் சேர்த்தால் கடன் முடிவது கிட்டத்தட்ட 22 மாதம் தள்ளிப்போகிறது.

கடிதத்தில் எங்களுக்கு உறுத்திய இன்னொரு எண் 8.4%. ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 5.15%-இல் இருந்து 2020 மார்ச் 27-இல் 4.40%, மே 22-இல் 4% என்று இறங்கியது. அக்டோபர் 2019-க்குப் பிறகு வங்கிகளில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு கட்டப்பட்டவை. அவற்றில் ஆகஸ்ட் 2020-இல் வட்டி 7% பக்கம் வந்துவிட்டிருந்தது. உங்களுடையது பழைய எம்சிஎல்ஆர் (வங்கி தன் நிதிச் செலவை வைத்து வகுக்கும் விகிதம்) அல்லது அதற்கும் முந்தைய அடிப்படை விகிதத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். கிளைக்குப் போய், ரெப்போ சார்ந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். மாற்றுக் கட்டணம் எவ்வளவு, அதன்மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்பதை எழுத்திலேயே கேளுங்கள்.

7%-க்கு மாறி, அதே 24,472-ஐத் தொடர்ந்து கட்டினால் 26.07 லட்சமும் 167 தவணையில் தீர்ந்துவிடும். மார்ச்சில் உங்களுக்கு மீதி இருந்த 180-ஐ விடவும் குறைவு! ஆனால் விண்ணப்பத்தில் "இஎம்ஐ மாற வேண்டாம், காலம் குறையட்டும்" என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் சில வங்கிகள் காலத்தை அப்படியே வைத்து இஎம்ஐயைக் குறைத்துவிடும். உங்கள் வங்கி மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்து, அடமானப் பதிவுச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது அந்த 1 லட்சம். பழைய 8.4%-லேயே இருந்தாலும் 50,000 ரூபாயை அசலில் கட்டினால் சுமார் 8 தவணை குறையும், கட்டிய 50,000-ஐக் கழித்தாலும் கிட்டத்தட்ட 1.4 லட்சம் மிச்சம். ஆனால் சம்பளம் குறைந்திருக்கும்போது கையிருப்பு முழுவதையும் வங்கியில் போட்டுவிட்டு, நவம்பரில் மருத்துவச் செலவுக்கு கிரெடிட் கார்டைத் தேய்ப்பது நஷ்டம். மூன்று மாத வீட்டுச் செலவும் ஒரு இஎம்ஐயும் தனியே நிற்கட்டும். அதற்கு மேல் இருப்பதை மட்டும் கட்டுங்கள். வட்டி மாற்றம் முதலில், பணம் பிறகு.

செப்டம்பரிலிருந்து 24,472 உங்களால் முடியவே முடியாது என்றால் வங்கியிடம் இப்போதே சொல்லுங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கடன் மறுசீரமைப்புக்கு வழி திறந்தது. மார்ச் 1 அன்று 30 நாளுக்கு மேல் பாக்கி இல்லாத கணக்குகளுக்கு இரண்டு வருடம் வரை கால நீட்டிப்பு தரலாம் என்றது. சிபில் பதிவில் (உங்கள் கடன் வரலாற்றில்) அது மறுசீரமைத்த கடன் என்றே ஏறும் என்பதால் கடைசி வழியாக வையுங்கள். வட்டிக்கு வட்டி கூடாது என்ற வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 

அவகாசம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது போனில் ஓடிபி கேட்டால் உடனே துண்டியுங்கள். எந்த வங்கியும் இதற்கு ஓடிபி கேட்பதில்லை.

கேள்வி: கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி. அதற்கும் ஆறு மாத அவகாசம் வாங்கினேன். தவறா?

வீட்டுக்கடனில் செய்ததைவிடப் பெரிய தவறு. மாதம் 3.5% வட்டி என்றால் ஆறு மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 13,750. அதன்மேல் 18% ஜிஎஸ்டி. 60,000 இப்போது 76,000-ஐத் தாண்டியிருக்கும். வங்கியில் தனிநபர் கடனோ நகைக்கடனோ வாங்கி இதை ஒரே தடவையில் அடையுங்கள். அடைக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பாக்கி இருக்கும்போது புதிய செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

கேள்வி: திருப்பூரில் 10 மெஷின் போட்டு பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு கூடம்) நடத்துகிறேன். ஆர்டர் மெதுவாக வருகிறது. கூலிக்கும் வாடகைக்கும் 3 லட்சம் வேண்டும். வீட்டில் 12 சவரன் நகை இருக்கிறது. இப்போது 90% வரை நகைக்கடன் தருகிறார்களாமே, மொத்தமாக வைத்துவிடலாமா?

மொத்தமாக வைக்காதீர்கள், 90%-க்கும் போகாதீர்கள். நகையைத் தொடுவதற்கு முன் இன்னொரு கதவைத் தட்டுங்கள். சிறு தொழில்களுக்காக 2020-இல் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று உங்கள் தொழில் கடனில் எவ்வளவு பாக்கியோ அதில் 20% வரை கூடுதல் கடன் கிடைத்தது. புதிதாக அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. வங்கியில் வட்டிக்கு 9.25% தான் உச்சவரம்பாக இருந்தது. நான்கு வருடக் கடன். முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதுமாக இருந்தது. முத்ரா கடன் வாங்கியவர்களும் இதில் வந்தார்கள். பிப்ரவரி 29 அன்று 60 நாளுக்கு மேல் பாக்கி இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. மெஷின் கடன் 6 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொண்டால் 1.20 லட்சம் இப்படியே வந்துவிடும். நகையில் தேட வேண்டியது 1.80 லட்சம்தான்.

90% என்பது ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் 6-இல் வங்கிகளுக்கு மட்டும் கொடுத்த தளர்வு, மார்ச் 31, 2021 வரை இருந்தது. தனியார் நகைக்கடன் நிதி நிறுவனங்களுக்கு அப்போது 75% தான் வரம்பு. நகைக்கு மதிப்புப் போடுவதும் அன்றைய கடை விலையில் இல்லை. அப்போதைய விதிப்படி 22 காரட் தங்கத்தின் கடந்த 30 நாள் சராசரி விலையில்தான். 2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னையில் சவரன் 43,000-ஐத் தொட்டதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும்.

சராசரி 40,000 என்று வைப்போம். 90% என்றால் சவரனுக்கு 36,000 கிடைக்கும். 9% வட்டியில் ஒரு வருடம் கழித்து மீட்கக் கட்ட வேண்டியது 39,240. தங்கம் சவரனுக்கு 1,000 ரூபாய் இறங்கினால்கூட உங்கள் கடன் நகையின் மதிப்பைத் தாண்டிவிடும். அப்போது வங்கி கூடுதல் பணமோ கூடுதல் நகையோ கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் ஏல நோட்டீஸ்தான். 75%-இல் வாங்கினால் 30,000, வருட முடிவில் 32,700. தங்கம் 15% இறங்கினாலும் நகை உங்கள் கைவிட்டுப் போகாது. தங்கம் உச்சத்தில் இருக்கும்போது அதிகபட்சக் கடன் வாங்குவதுதான் இதில் ஆபத்து. விலை ஏறும்போது யாருக்கும் தெரியாது, இறங்கும்போதுதான் வீடு தேடி வரும்.

ஆக 1.80 லட்சத்துக்கு 75% கணக்கில் 6 சவரன் போதும். அந்த ஆறையும் ஒரே கடனாக வைக்காமல், இரண்டிரண்டு சவரனாக மூன்று கடனாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றும் 60,000. பில் பணம் வரும்போது ஒரு ரசீதை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். ஒரே கடனாக இருந்தால் முழுத் தொகையும் கட்டினால்தான் பெரும்பாலும் நகையைத் தருவார்கள்.

எதை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கல் வைத்த அட்டிகை, அரக்கு அடைத்த காப்பு இவற்றில் கல் எடை, அரக்கு எடை கழித்த நிகர எடைக்குத்தான் கடன். வெற்று வளையல், முறுக்குச் சங்கிலி, 916 முத்திரை உள்ளவை முதலில் போகட்டும். ரசீதில் மொத்த எடை, நிகர எடை இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கொக்கி உடைந்திருந்தால், திருகாணி இல்லாவிட்டால் அதையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். மீட்கும்போது வரும் சண்டைகள் இதில்தான்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000. பிஎஃப்பில் 3.2 லட்சம் இருக்கிறது. கொரோனா முன்பணம் எவ்வளவு எடுக்கலாம்? தோழி விண்ணப்பித்ததைத் திருப்பிவிட்டார்கள்.

2020-இன் கொரோனா முன்பண விதிப்படி இருப்பில் 75%, அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். இரண்டில் எது குறைவோ அது. உங்களுக்கு 75% என்பது 2.4 லட்சம், மூன்று மாதச் சம்பளம் 45,000. எனவே 45,000 வரை. திருப்பிக் கட்ட வேண்டாம், வரியும் இல்லை.

அன்றைய நடைமுறை இது: பிஎஃப் உறுப்பினர் தளத்தில் யுஏஎன் (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்), கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, ஆன்லைன் சேவையில் படிவம் 31-ஐத் தேர்ந்தெடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்தபின், காரணம் கேட்கும் இடத்தில் கொரோனா பெருந்தொற்று என்பதைத் தேர்ந்தெடுத்து, தொகையை எழுதி, காசோலைப் படத்தை ஏற்றினால் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும்.

அப்போது விண்ணப்பங்கள் திரும்பி வந்தது பெரும்பாலும் இந்தக் காசோலைப் படத்தில்தான். அதில் உங்கள் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். பெயர் இல்லாத காசோலை என்றால் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி தெரியும் பாஸ்புக் முதல் பக்கத்தை ஏற்றுங்கள். படம் ஜேபிஜியாக, 100 முதல் 500 கேபிக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் பல நேரம் அதைவிடப் பெரிதாக இருக்கும், சுருக்கிக்கொள்ளுங்கள். அடுத்த சிக்கல் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பிஎஃப்பில் தந்தை பெயர் பின்னால் என்று இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். 2020-இன் விதிப்படி, பிறந்த தேதி வித்தியாசம் மூன்று வருடத்துக்குள் என்றால் ஆதாரையே சான்றாக வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் கடன் வாங்கும் நிலை என்றால் எடுங்கள், இது உங்கள் பணம். போனும் டிவியும் மாற்ற என்றால் வேண்டாம். அப்போதைய 8.5% வட்டியில் இந்த 45,000 இருபது வருடத்தில் சுமார் 2.3 லட்சமாகும்.

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. எல்லாச் செலவையும் குறைத்தும் கரண்ட் பில் மட்டும் பயமுறுத்துகிறது.

2020-இன் தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு வேலியாக இருந்தது. இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் நிலைக்கட்டணத்தோடு 1,130 ரூபாய். 501 ஓடினால் சுமார் 1,787 ரூபாய்! வேலியைத் தாண்டியதும் கடைசி யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை. 101-இலிருந்து எல்லா யூனிட்டுக்கும் விலை மாறிவிட்டது. 200 யூனிட்டிலும் இப்படி ஒரு வேலி இருந்தது, ஆனால் அது சிறியது.

ரீடிங் எடுத்த தேதியை வெள்ளை அட்டையில் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். அதற்குள் 375-ஐத் தாண்டியிருந்தால் மீதி 15 நாளில் கட்டுப்படுத்தினால் போதும். ஏசியும் ஹீட்டரும்தான் யூனிட்டைத் தின்பவை. 1.5 டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல்கூட இழுக்கும். லேப்டாப்பை நிறுத்தி மிச்சம் பிடிப்பதில் பெரிய பலன் இல்லை.

ஊரடங்கில் ரீடிங் எடுக்காமல் போன பில்லையும் ஒருமுறை சரிபாருங்கள். நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்டு, நீங்கள் ஏற்கெனவே கட்டியதைக் கழித்திருக்க வேண்டும்.

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. 20 லட்சம் எஃப்டி முதிர்ந்திருக்கிறது. புதுப்பித்தால் 6 சதவிகிதம்தான் என்கிறார்கள். 9% வரும் கடன் பத்திர ஃபண்ட் ஒன்றை முகவர் காட்டுகிறார். "எஃப்டி மாதிரிதான் சார்" என்கிறார்.

எஃப்டி மாதிரி இல்லை, ஐயா. 2020 ஏப்ரல் 23-இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. அவற்றில் முதலீட்டாளர்களின் 25,000 கோடிக்கு மேற்பட்ட பணம் நின்றுபோனது. அவற்றில் பல, தரம் குறைந்த நிறுவனங்களின் பத்திரங்களை வாங்கி அதிக வட்டி காட்டியவை. பெருந்தொற்றில் அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை, முதலீட்டாளர்களோ பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கூடுதலாக வரும் 3%, இந்த ஆபத்துக்கான கூலி. உங்கள் வயதில் அந்தக் கூலி வேண்டாம்.

அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போடுங்கள். 2020-இல் அதன் வட்டி 7.4%, காலம் ஐந்து வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27,750 ரூபாய் வரும். ஸ்டேட் வங்கியில் மூத்த குடிமக்களுக்கான ஐந்து வருடச் சிறப்பு எஃப்டி அப்போது 6.2%. வித்தியாசம் வருடத்துக்கு 18,000. மாதாமாதம் வேண்டும் என்றால் அப்போது எல்ஐசி வழியாக வந்த பிரதமர் வய வந்தனா திட்டம் இருந்தது. அதுவும் 7.4%, 15 லட்சத்துக்கு மாதம் 9,250. ஆனால் பத்து வருடம் கட்டிப்போட்டது.

மீதி 5 லட்சத்தை எஃப்டியாகவே வையுங்கள், அதுவும் ஒரே ரசீதாக வேண்டாம். ஒரு லட்சம் வீதம் ஐந்து. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்றை உடைத்தால் போதும். சேமிப்புத் திட்டத்தை ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடைக்காது, இரண்டு வருடத்துக்குள் என்றால் 1.5% பிடிப்பார்கள். வங்கி எதுவானாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. எனவே கொஞ்சம் உங்கள் மனைவி பெயரில் இருக்கட்டும். உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்றால் படிவம் 15-எச் (வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று தரும் படிவம்) கொடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: கோவை, ஐடி வேலை, வயது 34. மாதம் 10,000 மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போட்டுவந்தேன். மார்ச் வீழ்ச்சியைப் பார்த்து நிறுத்திவிட்டேன். மறுபடி இறங்கும்போது தொடங்கலாம் என்று காத்திருக்கிறேன்.

2020 ஜனவரியில் ஒரு நாள் 12,362-இல் முடிந்த நிஃப்டி (பங்குச்சந்தைக் குறியீடு) மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. ஆகஸ்டில் 11,000-க்கு மேல். நீங்கள் நிறுத்தியது யூனிட் மலிவாகக் கிடைத்த மாதங்களில்தான். மறுபடி இறங்குமா என்று நாங்களும் சொல்ல முடியாது. இறங்கினால் அப்போதும் இதே பயம் வரும் என்பதை மட்டும் சொல்லலாம். வேலை உறுதியாக இருந்து, ஆறு மாதச் செலவு சேமிப்புக் கணக்கிலோ எஃப்டியிலோ இருந்தால் இந்த மாதமே தொடங்குங்கள். அது இல்லாவிட்டால் முதலில் அதைச் சேருங்கள், எஸ்ஐபியை 3,000-ஆக வையுங்கள்.

பணம் இல்லாத மாதத்தில் கணக்கைக் காலியாக விட்டுவிடும் பழக்கம் வேண்டாம். ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது, ஆனால் வங்கி ஒவ்வொரு முறைக்கும் திருப்பக் கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்ஐபி ரத்தாகலாம். பல நிறுவனங்களில் ஒன்று முதல் மூன்று மாதம் வரை இடைநிறுத்தும் வசதி இருக்கிறது. தவணைத் தேதிக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: கொரோனா சிகிச்சைக்கு மட்டுமான கொரோனா கவச் காப்பீடு எடுத்தால் போதுமா, முழு மருத்துவக் காப்பீடு வேண்டுமா? கணவருக்கு 41, எனக்கு 37, நாகர்கோவில்.

ஏற்கெனவே காப்பீடு இருந்தால் கவச் தேவையில்லை, அதிலேயே கொரோனா சிகிச்சையும் வரும். எதுவும் இல்லாவிட்டால் முதலில் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொது மருத்துவக் காப்பீடு. எல்லா நிறுவனத்திலும் ஒரே விதிகள். பிரீமியம் மட்டும் மாறும், மூன்று நிறுவனத்திலாவது கேட்டுப் பாருங்கள். பில்லில் 5% நீங்கள் கட்ட வேண்டும். அறை வாடகை காப்புத்தொகையில் 2%, அதிகபட்சம் நாளுக்கு 5,000. தனியார் மருத்துவமனையில் கொரோனா தீவிர சிகிச்சைக்கு நாளுக்கு 15,000 வரை வாங்கலாம் என்று தமிழக அரசு 2020 ஜூனில் வரம்பு வைத்தது. பத்து நாள் என்றால் 1.5 லட்சம். அதை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் 3 லட்சத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

அதற்கு இப்போது பணம் போதாது என்றால் மட்டும் கவச். 2020-இல் விற்ற அந்தக் காப்பீட்டுக்கு மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம் என்று மூன்று காலம் இருந்தது. ஒன்பதரையே எடுங்கள். எடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குப் பிறகுதான் காப்பு தொடங்கும். வீட்டிலேயே சிகிச்சை என்றால் 14 நாள் வரை தருவார்கள். ஆனால் மருத்துவர் எழுதிய பரிந்துரையும் தினசரி கண்காணிப்புக் குறிப்பும் வேண்டும். அங்கீகரித்த ஆய்வகத்தின் பரிசோதனை முடிவு இல்லாமல் எந்தக் கோரிக்கையும் நிற்காது. விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், பிறகு மறுப்பதற்கு அதைத்தான் எடுப்பார்கள்.